பெர்பெரின் போட்டால் டாக் நிற்கிறது: ஜி4 முடிச்சா, என்சைமையே பிடிக்கிறதா?

கேள்வி: பாளை_எம்எஸ்சி

வணக்கம். எம்எஸ்சி கடைசி செமஸ்டர் புராஜெக்ட் பற்றிய சந்தேகம். டெலோமியர் (குரோமோசோம் முனை) டிஎன்ஏ தனக்குள் மடிந்து ஜி-குவாட்ரூப்ளெக்ஸ் என்ற நாலிழை முடிச்சு (கீழே ஜி4 என்றே எழுதுகிறேன்) ஆகிறதல்லவா, அதை பெர்பெரின் (மரமஞ்சளில் உள்ள மஞ்சள் சேர்மம்) இறுக்கிப் பிடித்து, டிஎன்ஏ-வை நகலெடுக்கும் என்சைமான பாலிமரேஸை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பயன்படுத்தும் பாலிமரேஸ் டாக்.

டெம்ப்ளேட் (நகலெடுக்கப்படும் டிஎன்ஏ) 67 எழுத்து ஒற்றை இழை. 3 முனையில் பிரைமர் (நகல் தொடங்கும் சிறு துண்டு) ஒட்ட 18, அடுத்து இடைவெளி 8, பிறகு நான்கு ஜிஜிஜி-யும் நடுவே டிடிஏ-வும் உள்ள 21, 5 முனையில் வால் 20. இரண்டு பிரைமர் போட்டு 25 மைக்ரோலிட்டர் பிசிஆர். 94, 55, 72 டிகிரி, 30 சுற்று. டாக் 1 யூனிட், அதோடு வந்த 10 மடங்கு பஃபர். பெர்பெரின் குளோரைடு 0, 5, 10, 20, 40 மைக்ரோமோலார். 2.5 சதவீத அகரோஸ், எத்திடியம் சாயம்.

20-ல் பேண்ட் மங்குகிறது, 40-ல் சுத்தமாக இல்லை. டவுனில் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய மரமஞ்சளை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு, மில்லிக்கு 10 மைக்ரோகிராமிலேயே பேண்டை அழித்துவிடுகிறது.

1. ஜி4-ஐப் பிடித்ததால்தான் டாக் நின்றது என்று எழுதலாமா?
2. அடுத்து டிராப் (டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் என்சைமின் வேலையை அளக்கும் சோதனை) செய்து ‘டெலோமரேஸைத் தடுக்கிறது’ என்றும் சேர்க்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
3. தயோஃப்ளேவின்-டி இடப்பெயர்ச்சியும் (ஜி4-ல் ஒட்டிய சாயத்தை மருந்து வெளியே தள்ளுகிறதா என்று பார்ப்பது) திட்டத்தில் உண்டு. அது சரிவருமா?

கையில் தெர்மல் சைக்ளர், சின்ன செங்குத்து ஜெல் தொட்டி, சூடாக்கும் வசதி இல்லாத யூவி கருவி. ஃப்ளோரிமீட்டர் வாரம் ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். இன்னும் இரண்டு மூன்று ஒலிகோ (செயற்கையாகச் செய்த சிறு டிஎன்ஏ துண்டு) வாங்கப் பணம் இருக்கிறது.

பதில்: நாலுஜி

எழுத முடியாது. டாக் நின்றுவிட்டது என்பது மட்டும்தான் இந்த ஜெல்லில் தெரிகிறது. எந்த எழுத்தில் நின்றது என்று தெரியவில்லை, ஜி4 பற்றிய விடை அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

முதல் கோளாறு 72 டிகிரி. மனித டெலோமியர் ஜி4, 100 மில்லிமோலார் பொட்டாசியத்திலேயே 60-களின் நடுவில் அவிழ்ந்துவிடும். உங்கள் பஃபரில் வழக்கப்படி 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அதில் இன்னும் கீழேயே அவிழும். பெர்பெரின் அதைச் சில டிகிரி தூக்கிவிட்டாலும், டாக் முழுவேகத்தில் ஓடும் நேரத்தில் முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துதான் கிடக்கிறது. அப்படியும் பேண்ட் போனால் சந்தேகம் முதலில் என்சைம் பக்கம் போக வேண்டும்.

இரண்டாவது கோளாறு பிசிஆர் என்பதே. ஜி அடுக்கில் முட்டி நின்ற துண்டில் எதிர்ப் பிரைமர் ஒட்டும் இடம் கிடையாது. அதனால் அது பெருகாது, ஜெல்லில் வரவும் வராது. முடிச்சில் நின்றாலும் பேண்ட் மறையும், டாக் முடங்கினாலும் பேண்ட் மறையும். இரண்டுக்கும் ஒரே படம்.

எனவே பிசிஆரை விட்டுவிட்டு, ஒரே பிரைமரை ஒரே தடவை நீட்டிப் பாருங்கள். 1999-ல் ஹர்லியின் குழு வெளியிட்ட டாக் ஸ்டாப் முறை இதுதான். டெம்ப்ளேட் அதேதான், பிரைமர் மட்டும் 5 முனையில் ஃபாம் சாயம் ஒட்டியதாக, எச்பிஎல்சி-யில் சுத்தம் செய்ததாக வாங்குங்கள். டெம்ப்ளேட்டையும் உப்பு மட்டும் நீக்கியதாக வாங்காதீர்கள். ஜி நிறைந்த ஒலிகோவில் பாதியில் நின்ற துண்டுகள் அதிகம், அவை பொய் பேண்ட் காட்டும்.

20 மைக்ரோலிட்டருக்கு அளவு: டெம்ப்ளேட் 120 நானோமோலார், பிரைமர் 100. டெம்ப்ளேட் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் பிரைமர் எல்லாம் ஜோடி சேரும். டிரிஸ் 10 மில்லிமோலார் பிஎச் 8.0, பொட்டாசியம் குளோரைடு 10 மில்லிமோலார். 95 டிகிரியில் 5 நிமிடம், பிறகு நிதானமாக ஆறவிடுங்கள். ஆறியதும் பெர்பெரின் சேர்த்து 25 டிகிரியில் 30 நிமிடம். அதன்பின் மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், டிஎன்டிபி (டிஎன்ஏ கட்டத் தேவையான நான்கு எழுத்துகள்) ஒவ்வொன்றும் 100 மைக்ரோமோலார், டாக் 1 யூனிட். 48 டிகிரியில் 20 நிமிடம். டாக்குக்கு அது மந்தமான சூடுதான், ஆனால் 49 எழுத்து எழுத அந்த நேரம் தாராளம். 55-க்கு மேல் போக வேண்டாம். நிறுத்துவதற்கு 95 சதவீத ஃபார்மமைடும் 10 மில்லிமோலார் ஈடிடிஏ-வும் கலந்ததைச் சம அளவு ஊற்றி, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, உடனே ஐஸில் போடுங்கள்.

டாக்கோடு வந்த பஃபர் இங்கே ஆகாது. அதன் 50 மில்லிமோலார் பொட்டாசியத்திலேயே முடிச்சு இறுகி, பெர்பெரின் போடாத லேனிலும் ஸ்டாப் வரும். அம்மோனியம் சல்ஃபேட் வகை பஃபரும் உதவாது, அம்மோனியமும் ஜி4-ஐத் தாங்கும். சொந்தமாகக் கலக்கிக்கொள்ளுங்கள். மருந்தைத் தொடுவதற்கு முன் பொட்டாசியத்தை மட்டும் 5, 10, 25 என்று மாற்றி ஓட்டி, வெறும் லேனில் முழுநீளம் 80-90 சதவீதம் வருகிற அளவைத் தேர்ந்தெடுங்கள்.

ஜெல்லில் மூன்று இடத்தைப் பாருங்கள்: 18-ல் பிரைமர், 26 சுற்றி ஸ்டாப் (18 + 8, முதல் ஜி-யின் வாசல்), 67-ல் முழுநீளம். 26 எழுத்து ஒலிகோ ஒன்றை அளவுகோலாகப் பக்கத்தில் ஓட்டுங்கள். பிறகு இரண்டு கணக்கு, இரண்டும் தனித்தனி வரைபடம்:

ஸ்டாப் சதவீதம் = ஸ்டாப் ÷ (ஸ்டாப் + முழுநீளம்)
நீட்சி சதவீதம் = (ஸ்டாப் + முழுநீளம்) ÷ லேனில் உள்ள மொத்தம்

மருந்து கூடக் கூட ஸ்டாப் ஏறி, நீட்சி அசையாமல் நின்றால் முடிச்சுதான் தடை. நீட்சியே சரிந்து எல்லாம் 18-ல் தங்கினால் டாக்கோ, பிரைமர் ஜோடியோ அடிவாங்குகிறது. உங்கள் 40 மைக்ரோமோலார் லேன் இந்த இரண்டாவது வகையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கலவையில் டிஎன்ஏ 0.12 மைக்ரோமோலார், மருந்து அதற்கு முந்நூறு மடங்குக்கு மேல். அந்த வெள்ளத்தில் எந்த நேர்மின் சேர்மமும் எதிலாவது போய் ஒட்டும்.

இன்னொரு ஒலிகோ வாங்குங்கள்: அதே 67, நான்கு ஜிஜிஜி-யையும் ஜிடிஜி ஆக்கியது. முடிச்சு போட முடியாத இரட்டைச் சகோதரன். இது இல்லாத ஸ்டாப் ஜெல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

பணம் மிச்சமிருந்தால் ஜி-க்குப் பதில் 7-டீயாசா-ஜி வைத்த டெம்ப்ளேட். வாட்சன்-கிரிக் ஜோடியை அது கெடுக்காது. ஹூக்ஸ்டீன் பிணைப்புக்கு வேண்டிய ஏழாவது நைட்ரஜன் மட்டும் இருக்காது, அதனால் ஜி4 எழாது. விலை கூடுதல். எம்எஸ்சி புராஜெக்டுக்குக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

பதில்: ஆத்தங்கரை

நாலுஜி அண்ணாச்சி சொன்னதுல லித்தியம் விட்டுப்போச்சு, அத நான் சொல்லுதேன்.

பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலா அதே அளவு லித்தியம் குளோரைடு போட்டு ஒரு செட்டு ஓட்டுங்க. நாலு ஜி சேந்த தட்டு ரெண்டுக்கு நடுவுல பொட்டாசியம் அளவா உக்காந்து எட்டு ஆக்சிஜனையும் பிடிச்சுக்கிடும். லித்தியத்துக்கு அந்த இருக்கை பொருந்தாது. அங்க ஸ்டாப் குறையணும். குறையலன்னா முடிச்சுக் கதை சந்தேகம்தான். ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க, சில லிகண்டு (ஜி4-ல ஒட்டுத சேர்மம்) உப்பே இல்லாம தானே ஜி4-ஐ மடிச்சுவிடும். அதனால சுத்தமா பூஜ்யம் ஆகணும்னு எதிர்பாக்காதிய.

இந்த லித்தியம் செட்டக் கெடுக்கது எல்லாம் சில்லறைச் சாமான்தான். பிஎச் மீட்டரோட எலக்ட்ரோடுக்குள்ள இருக்கதே பொட்டாசியம் குளோரைடு, சன்னமா கசிஞ்சுகிட்டே இருக்கும். மொத்தப் பஃபருக்குள்ள அதை முக்கக்கூடாது. கொஞ்சம் தனியா ஊத்தி அதுல அளந்துட்டு அந்தத் தண்ணியக் கொட்டிருங்க. பிஎச்ச ஏத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டாம், லித்தியம் ஹைட்ராக்சைடு. அப்புறம் டாக் இருக்க குழாயிலயே வழக்கமா 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட்னா நீங்க போடுதது 0.2 மைக்ரோலிட்டர், அது 20-ல கலந்தா 1 மில்லிமோலார் பொட்டாசியம். ‘பொட்டாசியம் இல்லாத செட்’னு எழுதாதிய, 1 மில்லிமோலார் இருக்குன்னே எழுதுங்க. போர் தண்ணியில கழுவுன கிளாஸ் சாமானக் கடைசியா மில்லி-கியூ தண்ணியில நாலு தடவ அலசணும்.

ஜெல்லு. 15 சதவீதம், 7 மோலார் யூரியா. 50 மில்லிக்கு: 40 சதவீத அக்ரிலமைடு (19:1) 18.75 மில்லி, யூரியா 21 கிராம், 10 மடங்கு டிபிஇ பஃபர் 5 மில்லி, மீதி தண்ணி. யூரியா கரையும்போது பீக்கர் சில்லுனு ஆகும், கரையவும் மாட்டேங்கும். அதுக்காக ஹாட்பிளேட்டுல கொதிக்க விட்டா சயனேட் வந்துரும். 50 டிகிரி தாண்டாம கதகதன்னு வச்சுக் கலக்குங்க, போதும். ஜெல்ல இறுக வைக்க 10 சதவீத ஏபிஎஸ் 250 மைக்ரோலிட்டரு, டெமெட் 25.

சித்திரை வெயில்ல ஏசி இல்லாத லேப்னா அந்த அளவு போட்டா கண்ணாடிக்குள்ள ஊத்தி முடிக்கதுக்குள்ள இறுகிரும், சீப்பு இறங்காது. ஏபிஎஸ் 180, டெமெட் 15-னு குறைச்சுக்கிடுங்க. கலவைய ஐஸ்ல ஆறவச்சுட்டு டெமெட் கடைசியில போடுங்க. சாம்பிள் ஏத்தும் முன்ன அரைமணி நேரம் வெறுமன ஓட்டி ஜெல்ல 50 டிகிரி சூட்டுக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொரு குழியிலயும் சிரிஞ்சால பஃபர் அடிச்சு யூரியாவக் கழுவணும், இல்லன்னா சாம்பிள் உள்ள இறங்காம மேலயே மிதக்கும். ஜெல்லு ஆறிப்போனா ஜி அடுக்கு யூரியாலயும் பாதி மடிஞ்சு முழுநீளம் ரெண்டு கோடா வரும். ‘புது பேண்ட்’னு குதிக்க வேண்டாம், சூடு பத்தலன்னு அர்த்தம்.

நீல ப்ரோமோஃபீனாலை எல்லா லேன்லயும் போடாதிய. 15 சதவீதத்துல அது பிரைமரு பக்கத்துலதான் ஓடும், ஃபாம் வெளிச்சத்த விழுங்கிரும். ஓரத்து லேன் ஒண்ணுல மட்டும் சாயம், மத்ததுல வெறும் ஃபார்மமைடு.

ஆறவிடுதது பத்தி. சைக்ளர்ல நிமிசத்துக்கு ஒரு டிகிரினு வச்சுட்டுப் போனா, நடுவுல கரண்டு போயி திரும்ப வரும்போது சில மிஷினு நின்ன இடத்துல இருந்து தொடரும், சிலது சும்மா நிக்கும். எது நடந்துதுன்னு தெரியாது. தெர்மோகோல் டப்பாக்குள்ள ஒரு லிட்டர் பீக்கர்ல கொதிநீர் வச்சு, குழாய மிதவையில சொருகி, மூடி ராத்திரி பூரா விட்டுருங்க. காலையில அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். ஆனா அறைச் சூடுன்னா நம்ம ஊர்ல 25 இல்லலா. மே மாசம் 34 இருக்கும். மருந்து சேத்து வைக்க அந்த 30 நிமிசத்த சைக்ளர்லயே 25-னு வச்சுச் செய்யுங்க, தீசிஸ்லயும் அந்த எண்ணயே எழுதுங்க.

பதில்: பிரம்மதண்டு

மரமஞ்சள் சாறு பற்றி. அந்த முடிவைத் தனியாக எடுத்து வையுங்கள், ஜி4 அத்தியாயத்துக்குள் கொண்டு வராதீர்கள். கட்டைச் சாற்றில் பெர்பெரினோடு பால்மடைன், ஜாட்ரோரைசைன் இருக்கும். அவற்றைவிடத் தொல்லை, மெத்தனாலில் கூடவே வருகிற டானின் வகைகள். பாலிஃபீனால்கள் டாக்கை நேரடியாகவே முடக்கும். செடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிசிஆர் செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற அதே சுவர் இது. சாற்றை, டானினைப் பிடிக்கும் பிவிபிபி பொடியோடு குலுக்கி மையவிலக்கில் சுழற்றி எடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். தடுப்பு பெருமளவு போய்விட்டால் டானின்தான் குற்றவாளி. மில்லிக்கு 0.2 மில்லிகிராம் பிஎஸ்ஏ புரதம் சேர்த்தும் பார்க்கலாம், ஆனால் பிஎஸ்ஏ மருந்தையும் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் தூய பெர்பெரின் செட்டில் அதைச் சேர்க்க வேண்டாம்.

கடையில் மரமஞ்சள் என்று கொடுப்பது எந்தச் செடி என்பதும் கேள்விதான். உண்மையான மரமஞ்சள் கொடி (காசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம்) மேற்குத் தொடர்ச்சி மலையில் அருகிப்போய், ஏற்றுமதித் தடைப் பட்டியலில் இருப்பது. அதே பெயரில் இமயமலைப் பக்கத்து பெர்பெரிஸ் கட்டையும் விற்பனைக்கு வரும். இரண்டிலும் பெர்பெரின் உண்டு என்பதால் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. மாதிரியைத் தாவரவியல் துறையில் காட்டிப் பெயர் உறுதிசெய்யாமல் லத்தீன் பெயர் எழுதாதீர்கள்.

தூய பெர்பெரின் குளோரைடிலும் ஒரு பள்ளம். புட்டியில் டைஹைட்ரேட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மூலக்கூறு எடை நீரில்லாததற்கு 371.8, டைஹைட்ரேட்டுக்கு 407.9. பார்க்காமல் எடை போட்டால் எல்லா செறிவும் சுமார் 9 சதவீதம் தப்பு. 10 மில்லிமோலார் ஸ்டாக்குக்கு டிஎம்எஸ்ஓ கரைப்பான் 1 மில்லியில் டைஹைட்ரேட் 4.08 மில்லிகிராம். எடையை மட்டும் நம்பாமல் தண்ணீரில் 500 மடங்கு நீர்த்து 345 நானோமீட்டரில் அளந்துவிடுங்கள், மோலார் உறிஞ்சல் 22,500. 20 மைக்ரோமோலாருக்கு 0.45 வர வேண்டும். எல்லா லேனிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு, 1 சதவீதத்துக்குள். பூஜ்ய லேனிலும் டிஎம்எஸ்ஓ இருக்கட்டும்.

ஸ்டாக்கைத் தண்ணீரில் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் அடியில் மஞ்சள் ஊசி ஊசியாகப் படியும். மேலே உள்ளதை எடுத்து ‘10 மில்லிமோலார்’ என்று போட்டால் அந்த வாரத்து வேலை வீண். பைபெட் செய்யும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

தயோஃப்ளேவின்-டி இந்தச் சேர்மத்துக்கு வேண்டாம். முறை நல்ல முறைதான், மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் ஐஐடி பம்பாயும் சேர்ந்து 2013-ல் காட்டியது: தனியாக இருந்தால் மங்கலாகக் கிடக்கும் சாயம் டெலோமியர் ஜி4-ல் ஒட்டியதும் பளிச்சென்று எரியும். ஆனால் அதைத் தூண்டுவது 425 நானோமீட்டர் பக்கம். பெர்பெரினுக்கும் அங்கேயே ஓர் உறிஞ்சல் உண்டு, ஜி4-ல் ஒட்டியதும் அதுவும் 530 பக்கம் ஒளிரும். ஒன்று குறைவது மற்றது கூடுவதில் மறைந்துவிடும். பெர்பெரின் வெளிச்சத்தை விழுங்கினாலும் இடம்பெயர்ந்ததுபோலவே தெரியும்.

இரண்டு வழி இருக்கிறது. பெர்பெரினின் சொந்த ஒளிர்வையே பயன்படுத்துங்கள். 2 மைக்ரோமோலார் பெர்பெரினை வைத்துக்கொண்டு ஜி4 ஒலிகோவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 530-ல் ஏறுவதைப் பாருங்கள், தூண்டுவது 430-ல். அதே அளவு இரட்டை இழை டிஎன்ஏ-வோடு ஒரு செட். வேறு சாயம் வாங்க வேண்டியதில்லை, வாரத்தில் ஒரு நாள் கருவிக்கு இது போதும். இல்லையென்றால் தயசோல் ஆரஞ்சு சாயத்தை மருந்து வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள்: ஜி4 0.25 மைக்ரோமோலார், சாயம் 0.5, தூண்டல் 501 நானோமீட்டர். அங்கே பெர்பெரின் அநேகமாக உறிஞ்சாது. 510 முதல் 650 வரை பரப்பை எடுத்து, பாதியாகக் குறைகிற செறிவைச் சொல்ல வேண்டும். இரட்டை இழை ஒப்பீட்டுக்கு 26 ஜோடியுள்ள டியூப்ளெக்ஸ் 0.25, சாயம் 0.75.

பெர்பெரினிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஜி4-ஐ அது மைக்ரோமோலார் மட்டத்தில்தான் பிடிக்கும். ஒன்பதாம் இடத்தில் பக்கக்கிளை சேர்த்த வழிச்சேர்மங்கள் அதைவிட நன்றாகப் பிடிக்கும். முறை வேலை செய்கிறதா என்று காட்ட வலுவான ஒன்று பக்கத்தில் வேண்டும்: டிஎம்பைபி4 விலை குறைவு, ஃபென்டிசி3 அல்லது பைரிடோஸ்டாடின் விலை கூடுதல் ஆனால் ஜி4-ஐத் தேர்ந்து பிடிக்கும். டிஎம்பைபி4 இரட்டை இழையிலும் தாராளமாக ஒட்டும், பிளாஸ்டிக்கிலும் குவார்ட்ஸ் செல்லிலும் ஒட்டும், வெளிச்சத்தில் ஆக்சிஜனைத் தூண்டி டிஎன்ஏ-வையே வெட்டும். குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வைக்காவிட்டால் ஜெல்லில் உங்களுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் பேண்ட் வரும்.

யாராவது ரோட்டோரத்துப் பிரம்மதண்டு விதையில் சாங்குவினாரின் எடுத்துச் சேர்க்கலாமே என்று ஆசை காட்டினால் (என் பெயரைப் பார்த்து நிறையப் பேர் கேட்பார்கள்): அதன் தட்டையான நேர்மின் வடிவம் பிஎச் 7.5-ஐத் தாண்டத் தாண்ட நீரைச் சேர்த்துக்கொண்டு மின்சுமை இழக்கும். டாக் பஃபரின் பிஎச் 8-க்கு மேலே. அங்கே அது பெரும்பாலும் டிஎன்ஏ-வை விரும்பாத வடிவத்தில் இருக்கும், டிடிடி என்ற கந்தகச் சேர்மம் இருந்தால் அதோடும் சேர்ந்துவிடும். பெர்பெரினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. விதை விஷம் என்பது வேறு.

பதில்: ஆறெழுத்து

இரண்டாவது கேள்விக்கு மட்டும். டிராப் செய்யலாம், ஆனால் வழக்கமான டிராப் ஜெல்லை வைத்து டெலோமரேஸைத் தடுத்தது என்று எழுதினால் அது 2007-க்கு முந்தைய தப்பு.

டிராப் இரண்டு கட்டம். முதலில் டெலோமரேஸ் ஒரு பிரைமரில் டிடிஏஜிஜிஜி-யை அடுக்கும். பிறகு அந்த அடுக்கை டாக் பெருக்கும். நீங்கள் போட்ட மருந்து முதல் கட்டத்தோடு நின்றுவிடாது, அதே குழாயில் பிசிஆருக்கும் போகும். அங்கே பெருக்கப்படுவது எது? டிடிஏஜிஜிஜி அடுக்கு, அதாவது ஜி4 மடியும் அதே வரிசை. டாக் அதில் தடுக்கி விழுந்தால் ஏணி (படிப்படியாக வரும் பேண்டுகள்) மறையும், டெலோமரேஸ் செத்ததுபோலத் தெரியும்.

‘உள் கட்டுப்பாட்டு பேண்ட் நன்றாக வந்ததே’ என்பது எல்லோரும் சொல்லும் பதில். டாக் வேலை செய்கிறதா என்று பார்க்க அதே குழாயில் சேர்க்கும் அந்தக் கட்டுப்பாட்டு டிஎன்ஏ-வில் ஜி அடுக்கு கிடையாது. அது வந்தால் டாக் உயிரோடு இருக்கிறது என்று தெரியும், டெலோமியர் அடுக்கை அது பெருக்க முடிந்ததா என்று தெரியாது. 2007-ல் பாரிஸில் மெர்னியின் குழு இதை எடுத்துச் சொன்ன பிறகு பழைய எண்கள் பல இறங்கிவிட்டன. பிரேக்கோ-19 என்ற ஜி4 லிகண்டுக்குப் பழைய டிராப்பில் பாதித் தடுப்புச் செறிவு சுமார் 0.1 மைக்ரோமோலார். மருந்தை நீக்கிவிட்டுப் பெருக்கும் டிராப்-லிக் முறையில் (2008, நைட்லின் குழு) 6.3. இன்னொரு லிகண்டான டெலோமெஸ்டாடினுக்கு முதலில் சொன்னது 5 நானோமோலார், அதுவும் பிறகு மைக்ரோமோலார் பக்கம் வந்தது.

செய்தே தீர வேண்டுமென்றால்: டெலோமரேஸ் கட்டம் முடிந்ததும் ஃபீனால்-குளோரோஃபார்ம், எத்தனால் படிவு, அல்லது சிறு ஒலிகோவுக்கான வடிகட்டிக் குழாய். மருந்து முழுதாகப் போனதா என்று ஒரு சோதனை சேருங்கள்: மருந்து போடாத டெலோமரேஸ் கலவையில், சுத்தம் செய்வதற்குச் சற்று முன் உச்ச அளவு மருந்தைச் சேர்த்து, அதே முறையில் சுத்தம் செய்து பெருக்குங்கள். ஏணி முழுதாக வந்தால் நம்பலாம். ரியல்-டைம் கருவியில் சைபர் கிரீன் வைத்துச் செய்ய வேண்டாம், பெர்பெரின் சாயத்தோடு போட்டி போடும், ஒளிர்வு குறைவதைத் தடுப்பு என்று கருவி கணக்குப் போட்டுவிடும்.

இன்னொரு நுணுக்கம். பிரைமரில் ஜிஜிஜி கிடையாது. டெலோமரேஸ் நான்கு முறை அடுக்கிய பிறகுதான் மடிவதற்கு வேண்டிய நான்கு ஜிஜிஜி சேரும். ஆகவே ஜி4 வழியாகத் தடுக்கும் மருந்து முதல் நாலு படிகளை விட்டுவைத்து மேலே உள்ளதைத்தான் அறுக்க வேண்டும். பிசிஆர் இல்லாத நேரடி நீட்சி ஜெல்லில் இது தெளிவாகத் தெரியும். முதல் படியே இல்லையென்றால் மருந்து என்சைமைப் பிடித்திருக்கிறது.

ஒரு செமஸ்டரில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. ஸ்டாப் முறையை ஒழுங்காக முடித்து, தலைப்பில் பாலிமரேஸ் என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

மறுகேள்வி: பாளை_எம்எஸ்சி

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி ஓட்டினேன், பொட்டாசியம் 10 மில்லிமோலார், 48 டிகிரி. அசல் டெம்ப்ளேட்டில் ஸ்டாப் சதவீதம் 0-வில் 12, 5-ல் 21, 10-ல் 38, 20-ல் 55. 26 அளவுகோலுக்கு நேராக இருக்கிறது. ஜிடிஜி டெம்ப்ளேட்டில் 20 வரை 3-4 சதவீதம்தான். ஆனால் 40-ல் இரண்டு டெம்ப்ளேட்டிலும் நீட்சி 90-லிருந்து 35-க்கு விழுகிறது. 40 லேனை என்ன செய்வது? விட்டுவிடலாமா?

பதில்: நாலுஜி

விடக்கூடாது, அதையும் போடுங்கள். 20 வரை நீட்சி நிலையாக நிற்கிறது, ஸ்டாப் ஏறுகிறது, ஜிடிஜி அசையவில்லை. அந்த வரம்புக்குள் ஜி4 என்று எழுதலாம். 40-ல் இரண்டு டெம்ப்ளேட்டும் ஒரே அளவு விழுவதால் அங்கே முடிச்சுக்குச் சம்பந்தமில்லாத தடை ஒன்று தொடங்குகிறது. அந்தப் புள்ளியை வைத்து ஸ்டாப் வளைகோட்டைப் பொருத்த வேண்டாம். பாதி ஸ்டாப் செறிவை 20 வரையுள்ள புள்ளிகளில் எடுங்கள், இடையில் 15-ஐயும் சேர்த்து மூன்று தடவை ஓட்டுங்கள்.

40-ல் என்ன நடக்கிறது என்று தெரிய ஜிடிஜி டெம்ப்ளேட்டில் மூன்று குழாய் போதும். டாக் 1-க்குப் பதில் 5 யூனிட்: நீட்சி திரும்பினால் மருந்து என்சைமைப் பிடிக்கிறது. அப்போது பொட்டாசியமும் 5 மில்லிமோலார் வந்துவிடும், ஜிடிஜி-யில் அது பாதிக்காது. இரண்டாவதில் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் கன்றுத் தைமஸ் டிஎன்ஏ: திரும்பினால் பிரைமர் ஜோடியில் மருந்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். கன்றுத் தைமஸிலும் டாக் போய் உட்காரும் என்பதால், மருந்து இல்லாமல் அதே அளவு போட்ட லேன் ஒன்று கூட வேண்டும். மூன்றாவதில் டிரைட்டன் எக்ஸ்-100 0.01 சதவீதம்: திரும்பினால் மருந்து உருண்டு திரண்டு என்சைமை விழுங்கியது.

பதில்: ஆத்தங்கரை

டிரைட்டன மருந்துக்கு முன்ன போடணும், பின்னால போட்டா திரண்டது கரைய நேரம் எடுக்கும். அப்புறம் அந்த 12 சதவீத வெறும் லேன் நல்லாத்தான் இருக்கு, அத எல்லாத்துல இருந்தும் கழிச்சுட்டுப் போடாதிய. கழிக்காம அப்படியே ஒரு கோடாக் காட்டுங்க.